இளவரசியின் கையில் வாளைக் கொடுக்கும் முன்

நாட்டைக் காக்கும் வீர இளவரசியின் கதையை எழுத உட்காருகிற பெரும்பாலோர் முதல் பக்கத்திலேயே வாளை உருவிவிடுகிறார்கள். வாள் மின்னுகிறது, கூந்தல் பறக்கிறது, பகைவர் மூவர் விழுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்விதான் தோன்றும்: களஞ்சியத்தில் தானியம் எவ்வளவு இருக்கிறது?

பகலில் கிடங்குக் கணக்கு பார்ப்பதும் இரவில் இளையோருக்கு மாயக்கதை எழுதுவதும் என் வேலை. இரண்டும் எனக்கு ஒரே வேலையாகிப் போய்விட்டன. ஆகவே கதாநாயகியின் கண் நிறம் என்ன என்று யோசிப்பதற்கு முன், அவள் கோட்டைக்கு ஓர் இருப்புக் கணக்கு போடச் சொல்வேன். கதை அங்கேதான் கிடைக்கும். நம்பாதவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குள் 3,000 பேர், 200 குதிரைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ தானியம் என்றால் 2,250 கிலோ. குதிரை புல்லோடு மூன்று கிலோ கொள்ளும் தின்னும்; அது 600 கிலோ. ஆக ஒரு நாள் செலவு 2,850 கிலோ. களஞ்சியத்தில் 150 டன் இருந்தால் 52 நாள் ஓடும். பகைவன் முற்றுகையிட்டிருக்கிறான். மழைக்காலம் வந்து ஆறு பெருகினால் அவன் பாசறையைக் கலைத்தே தீரவேண்டும். அதற்கு இன்னும் 70 நாள். குறைகிற அந்த 18 நாள்தான் உங்கள் நாவல்.

இப்போது வெளிவாயிலில் சுற்றுக் கிராமத்து மக்கள் 800 பேர் வந்து நிற்கட்டும். அவர்களுக்கு நாளொன்றுக்கு வேண்டிய தானியம் 600 கிலோ. குதிரைகள் தின்னும் அதே 600! இளவரசி கதவைத் திறந்தால் குதிரைகளைக் கொல்லவேண்டும். கொன்றாலும் அதே 52 நாள்தான். குதிரைப்படை போனால், வெளியே பாய்ந்து அடிக்கிற ஒரே வழியும் போய்விடும். கதவைத் திறக்காவிட்டால்? சுவருக்கு வெளியே நிற்கிறவர்களில் அவளுக்குப் பாலூட்டி வளர்த்த தாதியின் மகனும் இருக்கிறான். பதினாறு வயதுப் பெண் இதில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். எந்த வாள்வீச்சும் இந்த இடத்துக்கு ஈடாகாது.

படி அளவைக் குறைத்து ஆளுக்கு 600 கிராம் என்றாக்கினால் என்ன ஆகும், விதைநெல்லில் கை வைக்கலாமா, அரண்மனைச் சமையலறைக்குத் தனிப் படியா, யார் திருடுவார்கள், திருடியவன் சிறுவனாக இருந்தால் என்ன தண்டனை? எண்களை மாற்ற மாற்றக் காட்சிகள் தாமாக வரும். தண்ணீருக்கும் இதே கணக்கு உண்டு: ஆளுக்கு ஐந்து லிட்டர், குதிரைக்கு முப்பது லிட்டர் என்று வைத்துக்கொண்டு, கோட்டைக் கிணறுகள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும் என்று நீங்களே தீர்மானியுங்கள். கிலோவும் லிட்டரும் உங்கள் குறிப்பேட்டோடு நிற்கட்டும். கதைக்குள் கலம், மரக்கால், நாழி என்று வரட்டும். எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.

பகைவனுக்கும் வயிறு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10,000 வீரர்களுக்கு ஒரு நாளைக்கு 7,500 கிலோ வேண்டும். மாட்டுவண்டிக்கு 500 கிலோ என்றால் தினம் பதினைந்து வண்டி வந்து சேரவேண்டும். அந்த மாடுகளும் தின்னும். இளவரசி கோட்டைச் சுவரில் நின்று வண்டிகளை எண்ணுகிறாள் என்று ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள். ஒரு நாள் பதினைந்து, மறுநாள் பதினொன்று. அவள் அறிவாளி என்று நீங்கள் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

கதையின் ஏணிப்படிக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. நம் புறத்திணையிலேயே ஒரு போர் முழுவதும் வரிசையாக இருக்கிறது. வெட்சியில் ஆநிரை கவர்வார்கள், கரந்தையில் மீட்பார்கள், வஞ்சியில் படை கிளம்பும், காஞ்சியில் எதிர்ப்பார்கள், உழிஞையில் மதிலை வளைப்பார்கள், நொச்சியில் உள்ளிருந்து காப்பார்கள், தும்பையில் வெளிக்களத்தில் மோதுவார்கள், வாகையில் வெல்வார்கள். உங்கள் கதை நொச்சிக் கதை. ஆனால் வெட்சியில் தொடங்குங்கள்: எல்லையோரத்தில் ஒரு மந்தை காணாமல் போகிறது, அவையில் எவரும் பொருட்படுத்தவில்லை, அவள் மட்டும் போய்ப் பார்க்கிறாள். முதல் அத்தியாயத்துக்கு இது தாராளம்.

இனி மாயம். இளையோர் கதையில் அது இல்லாமல் முடியாது, எனக்கும் பிடிக்கும். ஆனால் கணக்கில் வராத மாயத்தை நான் அனுமதிப்பதில்லை. வரவு வைத்தால் எங்கோ ஒரு பற்று விழவேண்டும். இளவரசி நிலத்தில் கை வைத்தால் கிணற்றில் நீர் பொங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் மதிலுக்கு வெளியே எங்கோ ஓர் ஊர்க்கிணறு வற்றுகிறது. எந்த ஊர் என்று அவளால் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் அது அவளுக்கே தெரியாமல் இருக்கட்டும். கதையின் பாதியில் தெரிய வரட்டும். இந்த ஒரு விதியை மீறாமல் எழுதினாலே போதும், மந்திரப் பள்ளியும் தேவையில்லை, ஏழு வகைச் சக்திகளின் பட்டியலும் தேவையில்லை. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று இன்னொரு ஆற்றல் விழித்துக்கொள்வதாக மட்டும் எழுதாதீர்கள். பதினான்கு வயது வாசகருக்கு அந்த ஏமாற்று உடனே பிடிபட்டுவிடும்.

ஆயுத விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருகை வாள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் இருக்கும். அதைத் தூக்க மல்லன் வேண்டாம். கடினமானது மூச்சு. பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பு வளையச் சட்டையோடு சண்டையிட்டால் சில நிமிடங்களில் நெஞ்சு அடைக்கும். ஆகவே அரை மணி நேரம் இடைவிடாமல் வாளடித்தாள் என்று எழுதாதீர்கள். முற்றுகையில் வாளுக்கு வேலையும் குறைவு. வில், ஈட்டி, மதில் மேலிருந்து உருட்டும் கல், கொதிநீர், சுட்ட மணல் இவைதான் முதலில். கொதிக்கும் எண்ணெயை அண்டா அண்டாவாக ஊற்றாதீர்கள். எண்ணெய் விலை உயர்ந்த பொருள், விளக்குக்கும் வேண்டும். காயம் என்றால் சீழ், காய்ச்சல், ஈ மொய்த்தல் எல்லாம் சேர்த்துத்தான். பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கும் வரும், அதற்குத் துணி வேண்டும், துவைக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீரோ அளந்து கொடுக்கப்படுகிறது. இதை எழுதக் கூச்சப்படாதீர்கள்.

முடிவில் மாட்டிக்கொள்கிறவர்கள் வரலாற்றைப் படிக்கலாம். உண்மையில் நாடு காத்த அரசிகளின் கதைகள் நம் கற்பனையைவிடக் கோணலானவை. 1595-இல் முகலாயப் படை அகமதுநகரை முற்றுகையிட்டபோது சாந்த் பீபி கோட்டையைக் காத்தார். வெடி வைத்துப் பிளந்த மதிலை இரவோடு இரவாக அடைக்க வைத்தார் என்கிறார்கள். கோட்டை விழவில்லை. ஆனால் 1596 உடன்படிக்கையில் பெரார் பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின், பகைவரோடு பேசித் துரோகம் செய்கிறார் என்று நம்பிய தம் பக்கத்து ஆட்களாலேயே கொல்லப்பட்டார். வேலு நாச்சியாரின் கணவர் 1772-இல் காளையார்கோவிலில் வீழ்ந்தார். நாச்சியார் சிவகங்கையை மீட்டது 1780-இல். இடையிலிருந்த எட்டாண்டுகளும் அடைக்கலம், தூது, ஹைதர் அலியின் உதவி, ஆள் சேர்த்தல். நாவலாசிரியர்கள் ஒரே வரியில் தாண்டிவிடும் இந்தக் காத்திருப்பு எனக்குப் போர்க்களத்தைவிடச் சுவையானது. காகதிய ருத்ரமாதேவியோ ருத்ரதேவன் என்ற ஆண்பெயரில் ஆட்சி செய்தார். இவர்களின் வாழ்க்கையை அப்படியே பெயர் மாற்றி எடுக்கச் சொல்லவில்லை. வென்றவள் எதை இழந்தாள், யார் அவளை நம்பவில்லை என்ற இரண்டையும் அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

உரையாடலில் ஒரு வேண்டுகோள். ‘தேவி, தங்கள் திருவுள்ளம் யாதோ அதுவே அடியேன் சித்தம்’ என்று தளபதி பேசினால் இளையோர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ‘இளவரசி, வடக்கு மதிலுக்கு ஆள் போதாது. நாற்பது பேர் கொடுங்கள்’ என்று பேசட்டும். மரியாதை ‘கொடுங்கள்’ என்பதிலேயே இருக்கிறது. அவளைத் தூக்கி வளர்த்த கிழத்தாதி மட்டும் ‘நீ’ என்று அழைக்கலாம். அவை நடுவே ஒரு நாள் அந்தத் தாதி ‘நீங்கள்’ என்று மாறினால் அது தனிக் காட்சி. இடப்பெயர்களும் நிலத்தைப் பார்த்து வரட்டும். துறை என்று முடியும் ஊரில் ஆறு ஓடவேண்டும்.

முதல் வரைவை முடித்ததும் முற்றுகை அத்தியாயத்தை மட்டும் ஒரு பதின்வயதினரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பதில் மரியாதைக்காக வரும். கோட்டையின் வரைபடத்தை வரையச் சொல்லுங்கள்: வாயில் எங்கே, கிணறு எங்கே, களஞ்சியம் எங்கே, இளவரசி எந்த மதிலில் நிற்கிறாள். களஞ்சியத்தை அவர்கள் தவறான மூலையில் வரைந்தால், அந்த அத்தியாயத்தில் திருத்த வேண்டிய பத்தி எது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.