ரோமானியக் கல்வெட்டுத் தரவுத்தளங்கள்: அடைப்புக்குறியைத் தாண்டிப் போகாதீர்கள்

க்ளாவுஸ்–ஸ்லாபி தரவுத்தளத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட லத்தீன் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒரு சொல்லைத் தட்டினால் கொத்துக் கொத்தாக வந்து விழும். வந்ததை அப்படியே எடுத்து ஒட்டும்போதுதான் வினை தொடங்குகிறது. திரையில் இருப்பது கல் அல்ல, பதிப்பாசிரியரின் வாசிப்பு.

பிரிட்டன் கல்வெட்டுகளுக்கான ஆர்ஐபி தளத்தில் 1065ஆம் எண்ணைத் திறந்து பாருங்கள். சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்த கல்லறைக்கல் அது. சிரியாவின் பல்மைராவைச் சேர்ந்த பராத்தெஸ், தான் விடுதலை செய்து மணந்த ரெஜினாவுக்காக நட்டது. கல்லில் முதலில் வருபவை 'டி', 'எம்' என்ற இரண்டே எழுத்துகள். தளத்தின் வாசகத்திலோ 'டிஸ் மானிபுஸ்', அதாவது 'இறந்தோரின் ஆவிகளுக்கு', என்று முழுதாக இருக்கும். விரித்த பகுதி வளைவு அடைப்புக்குள் நிற்கும். சதுர அடைப்பு வந்தால் அந்த இடம் சிதைந்துபோய், அறிஞர் நிரப்பியது என்று பொருள். 1931இல் லெய்டனில் வகுத்த முறை இது. தமிழ்க் கல்வெட்டுப் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்குச் சதுர அடைப்பு புதிதல்ல. ஆனாலும் லத்தீன் என்றதும் ஏனோ அதைக் கண்டுகொள்வதில்லை.

இரட்டைச் சதுர அடைப்பை அச்சுப்பிழை என்று நீக்கிவிடுபவர்களும் உண்டு. அது வேண்டுமென்றே செதுக்கி அழித்த இடம். ரோமில் 203இல் எழுந்த பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவில் அவருடைய இளைய மகன் கேட்டாவின் பெயரும் இருந்தது. 211இல் அண்ணன் காரகல்லா அவனைக் கொன்றபின் பெயரை அழித்து, அங்கே வேறு புகழ்மொழிகளைப் பொருத்தினார்கள். வெண்கல எழுத்துகளைப் பதித்த துளைகளை வைத்துத்தான் பழைய வாசகத்தை மீட்டார்கள். அடைப்பை நீக்கினால் இந்தக் கொலைக்கதையே போய்விடும்.

வாசகத்தை நம்பிக் காலம் குறிப்பதும் ஆபத்து. ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் முகப்பில், பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கட்டினான் என்றிருக்கிறது. அவன் இறந்தது கி.மு. 12இல். இன்று நிற்கும் கட்டடம் கி.பி. 2ஆம் நூற்றாண்டினது என்று செங்கல் முத்திரைகள் சொல்கின்றன.

ரெஜினாவின் வயது 30 என்று கல் சொல்கிறது. ரோமானியக் கல்லறைகளில் 5, 10இன் மடங்குகள் அளவுக்கு மீறி வரும். வயது தோராயமாகத் தெரிந்தவர்களே அதிகம். சராசரி ஆயுள் கணக்குப் போட இதை எடுக்க வேண்டாம்.

ரெஜினா கல்லின் படத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். லத்தீனுக்குக் கீழே பல்மைரா எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: “பராத்தே விடுவித்த ரெஜினா, ஐயோ.” லத்தீன் எழுத்துகள் தடுமாறுகின்றன; அந்த வரி மட்டும் பழகிய கை வெட்டியதுபோல் ஓடுகிறது.