சீட் பெல்ட்டை முறையாக அணிவது எப்படி?

முதுகு இருக்கையோடு ஒட்டும்படி நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே பெல்ட்டை இழுக்க வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்புகளின் மீது தாழ்வாகப் படிய வேண்டும். ஏனெனில், மோதலின்போது உடலைத் தடுத்து நிறுத்தும் விசையை எலும்பு ஓரளவு தாங்கும், குடலும் கல்லீரலும் தாங்கமாட்டா. கர்ப்பிணிகளும் அதை வயிற்றுக்குக் கீழேதான் அணிய வேண்டும்.

மேல்பட்டை தோளின் நடுவிலிருந்து நெஞ்சின் குறுக்காக இறங்க வேண்டும். கழுத்தை உரசுகிறதென்று சிலர் அதை அக்குளுக்குக் கீழே செருகிக்கொள்வது, என் பார்வையில், பெல்ட் அணியாததற்கு அடுத்த பெரிய தவறு: தோளெலும்பு ஏற்க வேண்டிய அடியை விலா எலும்புகள் வாங்கிக்கொள்ளும். பல கார்களில் பக்கத் தூணிலுள்ள பிடியை ஒரு படி இறக்கினாலே உரசல் நின்றுவிடும்.

கொக்கி ‘க்ளிக்’ என்று மாட்டியதும், மேல்பட்டையைச் சற்று மேலே இழுத்துத் தொய்வை நீக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் பட்டை பூட்டிக்கொள்ள வேண்டும்; இல்லையெனில் பழுதுபார்க்க வேண்டும். கடும் விபத்தில் சிக்கிய பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும்.

வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் தந்த இந்த மும்முனைப் பெல்ட், இன்று பின்னிருக்கையிலும் உண்டு. அங்கே அதை அணியாதவர், மோதலில் முன்னிருப்பவரின் முதுகின் மீதே வீசப்படுவார்.