கழற்றிப் போட்ட கடிகாரம்

என் மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனத்தை நிலைநிறுத்துவதும் அமைதியாக இருப்பதும் கடினமாகும் நிலை) இருப்பது 7 வயதில் உறுதியானது. அன்று முதல் 2 வாரம், அவன் தன்னை மறந்து செய்பவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். அலாரம் கடிகாரத்தைக் கழற்றியபோது அவன் 40 நிமிடம் இடத்தைவிட்டு அசையவில்லை. (கடிகாரம் மறுபடி ஓடவில்லை என்பது வேறு கதை.) கவனம் அவனிடம் நிறையவே இருக்கிறது, வேண்டியபோது திருப்புவதுதான் கடினம். அதனால் பெருக்கல் வாய்பாட்டைத் திருகாணிகளை வரிசையாக அடுக்க வைத்தே சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லுங்கள். 10 நிமிடம் பாடம், பிறகு ஓட்டம். பாராட்டு அந்த நொடியிலேயே வரட்டும்: "திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துவிட்டாயே!" வெறும் "சமத்து" என் மகனிடம் எடுபடவே இல்லை. மருத்துவர் சொன்ன சிகிச்சையை மட்டும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.