ஹட்சன் ஆற்றில் வசந்தகாலத் தூண்டில்: தொடங்குபவர்களுக்கு

நியூயார்க் துறைமுகத்திலிருந்து ட்ராய் அணைக்கட்டு வரை, சுமார் 246 கி.மீ. தூரத்துக்கு ஹட்சன் ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து இதில் ஏறி வருகின்றன. நல்ல தடி வாங்குவதைவிடச் சரியான நாளையும் நேரத்தையும் பிடிப்பதுதான் இங்கே பெரிய வேலை.

படி 1: நீரின் சூட்டைப் பாருங்கள்

பொக்கீப்ஸி, ஆல்பனி நிலையங்களின் நீர் வெப்ப அளவு இணையத்தில் அன்றாடம் கிடைக்கும். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் (10 செல்சியஸ்) தொடும்வரை பொறுங்கள். 55 முதல் 65 வரை உள்ள நாட்கள்தான் உச்சம். லைலாக் பூச்செடி பூத்தால் பெரிய மீன் வந்துவிட்டது என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. நம்பலாம், ஏனென்றால் செடியும் மீனும் ஒரே வெப்பத்துக்குத்தான் அசைகின்றன.

படி 2: கலங்கலைப் பாருங்கள்

அடிரொண்டாக் மலைப் பனி உருகினாலோ பெருமழை பெய்தாலோ ஆறு பழுப்பாகி, மரக்கட்டைகள் மிதந்து வரும். மேல்பகுதியில் ஏறுநீர் வலுவிழந்து, இறங்குநீர் நீண்டுவிடும். ட்ராய்க்கு அருகே கிரீன் ஐலண்ட் அளவீட்டு நிலையத்தில் நீர்வரத்து ஏறிக்கொண்டே இருந்தால் போகாதீர்கள். அது இறங்கத் தொடங்கி, நீரில் ஓரடி ஆழமாவது கண்ணுக்குத் தெரிந்தால் கிளம்பலாம்.

படி 3: ஓட்டம் திரும்பும் நேரம்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அட்டவணையில் உள்ள உயர்நீர் நேரத்தில் நீரோட்டம் நின்றுவிடும் என்று நினைத்து வருவார்கள். நிற்காது. வடக்கே ஆறு இன்னும் நிரம்பிக்கொண்டிருப்பதால், மட்டம் உச்சத்தைத் தொட்ட பிறகும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீர் மேல்நோக்கியே ஓடும். ஆகவே நீர்மட்ட அட்டவணையை விட்டுவிட்டு, நீரோட்ட அட்டவணையைப் பாருங்கள். அதுவும் நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கு உரியதை. ஓட்டம் நிற்பதற்கு முந்தைய ஒரு மணி நேரமும், திரும்பியபின் வரும் முதல் இரண்டு மணி நேரமும் நல்ல நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கடுமையாகும். 3 அவுன்ஸ் ஈயக்குண்டு நிற்காமல் உருண்டால் 5, 6 அவுன்ஸுக்கு மாறுங்கள். உருளும் குண்டு பாறையில் மாட்டிக்கொள்ளும்.

கரையிலிருந்து வீச, சாகர்டீஸில் ஈசோபஸ் ஓடையும் கிங்ஸ்டனில் ரோண்டௌட் ஓடையும் ஆற்றில் சேரும் இடங்கள் நல்லவை. இரையான ஹெர்ரிங் மீன்கள் ஓடைகளில் ஏறுவதால் பெரிய மீன்கள் அங்கே காத்திருக்கும். தடித்த அடிப்பாகமுள்ள செருப்போ பூட்ஸோ போடுங்கள். கரையில் கிடக்கும் நீர்க்கஷ்கொட்டை என்ற நீர்ச்செடியின் விதை முள் மெல்லிய ரப்பரைத் துளைத்துவிடும்.

படி 4: கட்டுவது

7 அல்லது 8 அடித் தடி, 30 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூல் போதும். நூலில் முதலில் ஈயக்குண்டு மாட்டும் சறுக்குக் குழலையும், அடுத்து ஒரு மணியையும் கோத்து, முனையில் ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டுங்கள். அதிலிருந்து 30 அங்குல நீளத்துக்கு 40 பவுண்டு மோனோ (ஒற்றையிழை) நரம்பு, முடிவில் 8/0 அளவு வட்டமுள், அதாவது முனை உள்நோக்கி வளைந்த தூண்டில் முள். இயற்கை இரை போட்டால், முனை பக்கவாட்டில் கோணாத வட்டமுள் சட்டப்படி கட்டாயம்.

ஹெர்ரிங் துண்டில் முள்ளை ஒருமுறை மட்டும் குத்தி, கூர்முனை முழுக்க வெளியே தெரியும்படி விடுங்கள். முனை சதைக்குள் புதைந்தால் மீனின் வாயோரத்தில் அது பிடிக்காது. நூலில் சருகும் பாசியும் சேரும்; 20 நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

படி 5: கடித்ததும்

சுண்டி இழுக்காதீர்கள். வட்டமுள் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். தடி தானாக நன்றாக வளையட்டும். பிறகு நிதானமாகச் சுற்றுங்கள்.

நியூயார்க் நகரின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு வடக்கே, 2024-இலிருந்து, 23 முதல் 28 அங்குலம் வரையுள்ள ஒரு மீனை மட்டுமே ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம். பருவம் ஏப்ரல் 1-இல் தொடங்கும். போகுமுன் அவ்வாண்டு விதியைப் பார்த்துவிடுங்கள். 28 அங்குலத்தைவிடப் பெரியவை பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண் மீன்கள். தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பதைத் தவிர்த்து, நீரில் வைத்தே முள்ளைக் கழற்றி விடுவது நல்லது.

ஆற்று மீனில் பிசிபி (PCB) என்ற தொழிற்சாலை வேதிநச்சு இருப்பதால், குழந்தைகளும் கருவுறும் வயதுப் பெண்களும் இதைச் சாப்பிடவே கூடாது. மற்றவர்கள் பிடித்த இடத்துக்குரிய மாநிலச் சுகாதாரத் துறையின் அறிவுரையைப் பார்த்த பிறகே சமையுங்கள்.