காலையில் கிளம்ப மறுக்கும் அம்பாசிடர்: சோக் முதல் தெர்மோஸ்டாட் வரை

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தருவது) கழற்றி, அதில் பெட்ரோல் வரும் சிறு துளைகளான ஜெட்டுகளை ஊதி மாட்டுவதுதான் பல இடங்களில் முதல் வேலை. அது கடைசியாகச் செய்ய வேண்டியது. இங்கே சொல்வது சோலெக்ஸ் கார்புரேட்டரும் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் தரக் கையால் இழுக்கும் சோக்கும் உள்ள வண்டிகளுக்கு. எஸ்.யு. கார்புரேட்டர் போட்ட வண்டியிலும், பிறகு வந்த இசுசு எஞ்சின் வண்டியிலும் சோக் வேலை செய்யும் விதமே வேறு. அவற்றுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கரண்ட்டை முதலில் முடித்துவிடுங்கள்

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியையும் எர்த் கேபிளையும் கவனியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் காண்டாக்ட் பாயிண்ட்டின் கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் கேப் சுமார் 0.64. கண்ணால் அளக்காமல் ஃபில்லர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் ஈரமோ மயிர்க்கோடு போன்ற விரிசலோ இருந்தால், மழைக்காலக் காலைகளில் மட்டும் தகராறு வரும்.

பெட்ரோல் வருகிறதா?

நாலைந்து நாள் நின்ற வண்டியில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃபுளோட் சேம்பர் காய்ந்திருக்கும். மெக்கானிக்கல் பம்பின் கீழே கையால் அழுத்தும் சிறு நெம்பு இருந்தால், கை கனக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள். சேம்பர் நிறைந்ததும் நெம்பு லேசாகிவிடும்.

முதல் அழுத்திலேயே லேசாக, ஒன்றுமே பிடிக்காதது போல ஆடினால் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பம்பை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் மேடு பம்பின் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள். இக்னிஷன் ஆஃபில் இருக்கட்டும். இது தெரியாமல் நல்ல பம்ப்கள் எத்தனையோ மாற்றப்படுகின்றன.

சோக்: கால் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். இந்த சோலெக்ஸில் 'சோக்' என்று நாம் சொல்வது காற்று வழியை அடைக்கும் தகடு அல்ல. கார்புரேட்டரின் பக்கவாட்டில் தனியாக ஒரு குட்டி ஸ்டார்ட்டர் இருக்கிறது. அதற்குச் சொந்த பெட்ரோல் ஜெட், சொந்த ஏர் ஜெட், நடுவில் ஓட்டைகள் போட்ட ஒரு சுழலும் டிஸ்க். சோக் நாபை இழுத்தால் டிஸ்க் திரும்பி வழியைத் திறக்கும். பெட்ரோல்-காற்றுக் கலவை, ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் திராட்டில் தகட்டுக்குக் கீழே போய்ச் சேரும்.

அந்தக் கலவையை உறிஞ்சுவது, மூடிய திராட்டிலுக்குக் கீழே உண்டாகும் வெற்றிடம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திராட்டில் திறக்கும், வெற்றிடம் விழுந்துவிடும், ஸ்டார்ட்டருக்கு இழுப்பே இருக்காது. நாபை முழுக்க இழுத்துவிட்டு, கூடவே ஆக்சிலரேட்டரையும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது சோக் போடாமல் அடிப்பதற்குச் சமம்.

ஆகவே நாபை முழுக்க இழுங்கள். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்து விநாடி செல்ஃப், பிறகு பத்து விநாடி ஓய்வு. அந்த ஓய்வுக்குக் காரணம் பேட்டரி மட்டுமல்ல. கார்புரேட்டரின் அந்தக் குட்டி ஸ்டார்ட்டருக்கு உள்ளே ஒரு சிறு கிணறு உண்டு. முதல் இழுப்பில் அதில் தேங்கிய பெட்ரோல் மொத்தமாகப் போய்த்தான் கலவை நன்றாகக் கெட்டியாகிறது, அதாவது பெட்ரோல் கூடுகிறது. அது தீர்ந்த பிறகு ஜெட் விடும் அளவுதான் வரும். விடாமல் இருபது விநாடி அடிப்பதைவிட, கிணறு நிறைய நேரம் கொடுத்து இரண்டு தடவை அடிப்பது பலன் தரும்.

ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக் குளிரில் மட்டும், சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு தடவை மிதித்து விடலாம். சமவெளியில் அதுவும் தேவையில்லை.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் எஞ்சின் மூழ்கியிருக்கிறது. அப்போது மட்டும் எல்லாம் தலைகீழ்: சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கடைசிவரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டரிலுள்ள ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றும்.

கேபிளைச் சரிபாருங்கள்

ஒருவரை உள்ளே உட்காரவைத்து நாபை இழுக்கச் சொல்லி, கார்புரேட்டரில் லீவரைப் பாருங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போக வேண்டும். கேபிளின் மேலுறையைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் உறையும் சேர்ந்து நகரும். லீவர் பாதியில் நின்றுவிடும். உள்ளே நாப் முழுக்க வந்திருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

சரி செய்ய, நாபை உள்ளே தள்ளி, இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, லீவரை மூடிய நிலையில் விரலால் அழுத்திப் பிடித்து, உள்கம்பியின் திருகை இறுக்குங்கள். அந்த இரண்டு மில்லிமீட்டர் இல்லாவிட்டால் டிஸ்க் முழுக்க மூடாது. சூடான எஞ்சினில் கறுப்புப் புகை, மைலேஜ் குறைவு, ஹாட் ஸ்டார்ட்டிங் தகராறு என்று எல்லாம் அதிலிருந்து வரும்.

ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடத்தில் நாபைப் பாதிக்குத் தள்ளி, மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். ஓரிரு கிலோமீட்டரில் முழுக்க உள்ளே போய்விட வேண்டும். நின்ற இடத்திலேயே சோக்கில் பத்து நிமிடம் ஓடவிடுவது எஞ்சினுக்குக் கெடுதல். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலையும் நீர்க்கவைக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சூடேறும்வரை திணறுகிறது

சோக்கை உள்ளே தள்ளியதும் மிஸ்ஸிங், ஜர்க் வந்தால் முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது கார்புரேட்டர் அடிப்பாகம், கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் சேரும் இடங்கள், திராட்டில் ஸ்பிண்டிலின் இரு முனைகள் ஆகியவற்றில் பிரஷ்ஷால் கெட்டியான எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள். எங்கே தடவும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்திலேயே இருக்கும் இந்த எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது.

அடியில் கசிந்தால் நட்டை மேலும் இறுக்காதீர்கள். பெரும்பாலும் முந்தைய இறுக்கலில்தான் கார்புரேட்டரின் அடித்தட்டான ஃபிளேஞ்சின் இரண்டு காதுகளும் வளைந்திருக்கும். தடித்த பேக்கிங் போட்டால் வளைவு இன்னும் கூடும். கார்புரேட்டரைக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் எமரி பேப்பரை விரித்து, ஃபிளேஞ்ச் சமமாகும்வரை தேய்த்து, மெல்லிய பேக்கிங்கோடு இரு நட்டுகளையும் மாறி மாறி அளவாக இறுக்குங்கள். ஸ்பிண்டில் கசிந்தால் லேத்தில் புஷ் போடத்தான் வேண்டும்.

கசிவு இல்லையா? எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, திராட்டிலைக் கையால் திறந்தபடி உள்ளே பாருங்கள். திறந்த கணமே பெட்ரோல் பீச்ச வேண்டும். தாமதமாகச் சொட்டினால் ஆக்சிலரேட்டர் பம்பின் டயாஃப்ரத்தையும் வால்வையும் கவனியுங்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு. 'நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு' என்று கழற்றி எறியப்பட்ட வண்டிகள் ஏராளம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற வெகு நேரம் ஆகும், அதுவரை சோக் தேவைப்படும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். எஞ்சின் சூடாகிறதென்றால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டை மாட்டியே வையுங்கள். சோதிக்க, நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 டிகிரி வாக்கில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் ஐட்லிங் கலவைத் திருகைத் தொட வேண்டும். மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்துங்கள். வெளியே திருப்பினால் கலவை கெட்டியாகும்.

20 சதவீத எத்தனால் பெட்ரோல்

முன்பு நன்றாக ஓடிய வண்டி இப்போது குளிரில் திணறுவதற்கு இதுவும் காரணம். எத்தனால் ஆவியாக அதிகச் சூடு வேண்டும். எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால், பழைய ஜெட் அளவிலேயே கலவை நீர்த்துப்போகிறது, அதாவது காற்று மிஞ்சிவிடுகிறது. திருகைக் கால் சுற்று வெளியே எடுத்தால் ஐட்லிங் பெரும்பாலும் சரியாகும். ஓட்டத்திலும் இழுவை குறைந்து பிளக்குகள் வெளுத்திருந்தால் ஒரு படி பெரிய மெயின் ஜெட் போட்டுப் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். விரலால் மடக்கும்போது வெடிப்பு தெரியும் ஹோஸை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அது எக்ஸாஸ்ட்டுக்கு மேலேதான் போகிறது.