கிருஷ்ணகிரில இருந்து பெங்களூரு மாடர்ன் ஆர்ட் கேலரி: போறது எப்படி, பாக்குறது எப்படி

மாடர்ன் ஆர்ட் நமக்கெல்லாம் புரியாதுப்பான்னு நம்ம பக்கம் நிறைய பேர் சொல்லுவாங்க, எங்கம்மாவும் அதையேதான் சொன்னாங்க, அதனால அவங்களையே கூட்டிட்டு போனேன், அதுல கத்துக்கிட்டத இங்க எழுதறேன்.

இடம் வசந்த் நகர் பேலஸ் ரோட்டுல மாணிக்கவேலு மாளிகை. நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட் 1954ல டெல்லில ஆரம்பிச்சது, பெங்களூரு கிளைய 2009ல திறந்தாங்க. திங்கக்கிழமை லீவு, அத மட்டும் மறக்காதீங்க. கிருஷ்ணகிரில இருந்து 90 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டின்னு டிராஃபிக் புடிச்சுக்கும், அதனால விடிகாலை பஸ் புடிங்க. தர்மபுரிக்காரங்களுக்கு ஓசூர் வழியா ட்ரெயினும் இருக்கு. வார நாள்ல போனா கூட்டமே இருக்காது. நல்லா சாப்ட்டுட்டு போங்க, பசியோட எந்தப் படமும் மனசுல நிக்காது.

உள்ள நுழைஞ்சதும் அந்த அமைதி கொஞ்சம் மிரட்டும், நம்ம செருப்பு சத்தமே நமக்குப் பெருசா கேக்கும், வாட்ச்மேன் வேற பாத்துட்டே நிப்பாரு. அவரு வேலை அது, நம்மள சந்தேகப்படல. இந்தக் கூச்சத்துலதான் பாதி பேர் வேகவேகமா நடந்து அரை மணி நேரத்துல வெளிய வந்துடறாங்க.

முதல் சுத்து எதையும் படிக்காம சும்மா நடந்துட்டு வாங்க, எந்தப் படத்துகிட்ட கால் தானா நின்னுச்சுன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. மூணு படம் போதும். ரெண்டாவது சுத்துல அந்த மூணுகிட்ட மட்டும் போய் ஒவ்வொன்னுக்கும் பத்து நிமிஷம் குடுங்க, முதல் ரெண்டு நிமிஷம் போரடிக்கும், அதத் தாண்டிட்டா கண்ணு தானா வேலை செய்ய ஆரம்பிச்சிடும். பக்கத்துல ஒட்டியிருக்கற சீட்டு கடைசிலதான், அதுலயும் வருஷத்தப் பாருங்க, 1943ன்னு இருந்தா அது வங்காளப் பஞ்சம் நடந்த வருஷம், அதுக்கப்புறம் அந்தப் படத்துல இருக்கற ஒட்டிப்போன வயிறு வேற மாதிரி தெரியும்.

நேரா நின்னு பாத்தது போக ஓரமா நின்னு சாய்வாவும் பாருங்க. நம்மூர் கிரானைட் பட்டறைல பாலிஷ் போட்ட பலகைல கீறல் இருக்கான்னு பாக்க தலைய சாய்ச்சு வெளிச்சத்துல பாப்பாங்கல்ல, அதே மாதிரி. ஆயில் பெயின்ட் படம்னா பிரஷ் இழுத்த தடம் உழவு சால் மாதிரி மேடும் பள்ளமுமா தெரியும், எந்த இடத்துல கை வேகமா போயிருக்கு, எங்க நின்னு நின்னு போயிருக்குன்னு சொல்லிடலாம். தொட மட்டும் தொடாதீங்க, கை எண்ணெய் பெயின்ட்ட கெடுத்துடும்.

எங்கம்மா நின்னது கே.சி.எஸ். பணிக்கர் படத்துகிட்ட. சென்னைக்குப் பக்கத்துல 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சவரு அவரு, கோயம்புத்தூர்ல பொறந்தவரு. படம் பூரா கட்டம் கட்டமா, ஜாதக நோட்டு மாதிரி, உள்ள பொடிப்பொடி எழுத்து. அம்மா கண்ணாடிய மாத்திப் போட்டுட்டு கிட்டப் போய் படிச்சுப் பாத்தாங்க, ஒரு எழுத்தும் எந்த பாஷையும் இல்ல, எழுத்து மாதிரி இருக்கற கோடு. "இது யாரோட ஜாதகம்டா, படிக்கவே வரலயே"ன்னாங்க. நான் விளக்கம் சொல்லப் போகல, நீங்களும் கூட வர்றவங்களுக்கு உடனே சொல்லாதீங்க, விட்டுடுங்க. கால் மணி நேரம் அங்கயே நின்னாங்க.

படங்கள அப்பப்ப மாத்துவாங்க, நான் பாத்ததே உங்களுக்கு இருக்கும்னு சொல்ல முடியாது. போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுக்கோங்க, எடுத்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். சின்ன நோட்டும் பென்சிலும் வச்சுக்கோங்க, திரும்பி வர்றப்ப பஸ்ல உக்காந்து மனசுல நின்ன ஒரு படத்த வரைஞ்சு பாருங்க, கோணலா வந்தாலும் பரவால்ல. எங்கம்மா ஓசூர் வர்றதுக்குள்ள பஸ் டிக்கெட் பின்னாடி பன்னெண்டு கட்டம் போட்டு, உள்ள அவங்களா ஒரு எழுத்து எழுதி வச்சிருந்தாங்க.