கச்சானை நம்பி மலையேறாதீர்கள்

ஜூன், ஜூலையில் திருகோணமலையில் மழையைக் காண்பது அரிது. கச்சான் காற்று வீசும், மணல் சுடும். "வானம் வெளிச்சிருக்கு, சிவனொளிபாத மலைக்குப் போவமா?" என்று யாராவது வாடகை வான் பேசத் தொடங்குவதும் அப்போதுதான். நம் ஊர்க்காரர் விடும் பெரிய பிழை இது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றி நம் பக்கம் இறங்கும் தென்மேற்குக் காற்றுத்தான் இந்தக் கச்சான். இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே வழுக்கும் படி, மூடுபனி, அட்டை.

மலையேறும் சீசன் டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். மற்றக் காலத்தில் படி விளக்குகள் எரியாது, தேநீர்க் கடைகளும் பெரும்பாலும் பூட்டு. சீசனிலும் போயா நாளையும் சனி ஞாயிறையும் விட்டுவிடுங்கள். உச்சிக்குக் கிட்ட, வரிசையில் நின்றபடியே விடிந்துவிடும்.

கோணேசர் கோயில் ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறுகிறோமே என்ற தைரியமும் வேண்டாம். அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், ஏறத்தாழ 1000 மீட்டர் ஏற்றம். கடைசிப் பகுதிதான் செங்குத்து.

உச்சி 2243 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு வெப்பநிலை ஆறு பாகைக்குச் சற்று மேல் குறையும் என்று கணக்குப் போட்டால், நம் கரையில் 28 பாகை இருக்கும்போது அங்கே 14 அளவில் நிற்கும். விடியப்புறக் காற்றில் அதுவும் இல்லை. முதல்முறை நான் இரவு பத்து மணிக்கே ஏறத் தொடங்கி, இரண்டு மணிக்கு முன்னமே மேலே போய்விட்டேன். வியர்வையில் நனைந்த சட்டையோடு சூரியனுக்காக நான்கு மணி நேரம் நடுங்கினேன். இரண்டு மணிக்குப் புறப்பட்டாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். மாற்றுச் சட்டை ஒன்றும் தொப்பியும் பையில் இருக்கட்டும்.

சூரியன் வந்ததும் படம் எடுத்துவிட்டு இறங்கி ஓடாதீர்கள். மேற்கே திரும்பினால் மலையின் முக்கோண நிழல் மேகத்தில் விழுந்திருக்கும், கொஞ்ச நேரம்தான்.

இறக்கத்தில் முழங்கால் படும் பாடு ஏற்றத்தில் இல்லை. இறப்பர் செருப்போடு வருகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பிடிமானமுள்ள சப்பாத்துப் போடுங்கள், அவசரப்படாமல் இறங்குங்கள்.

அப்புறம், வான் ஓட்டுகிறவர். தம்புள்ளை, கண்டி, ஹட்டன், மஸ்கெலியா என்று பகல் முழுக்க ஓட்டியவரை இரவில் மலையும் ஏற்றி, காலையில் திரும்ப ஓட்டச் சொல்வார்கள். ஹட்டன் வளைவுகளில் தூக்கக் கண்ணோடு அவர் ஓட்டக் கூடாது. கீழே ஓர் அறை எடுத்து மத்தியானம் வரை அவரை நித்திரை கொள்ள விடுங்கள்.